ஸ்டாண்ட்ஸ்டில்

எங்கள் பஸ் டிப்போவில் விபத்து அறிக்கையை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். டிரைவர்களுக்கு ஆங்கிலம் எழுத வராது. அதனால் பதினோரு வருடமாக அந்த வேலை டிப்போ ரைட்டரான என் தலையில். பயணி படியிலிருந்து விழுந்தார் என்றால் நான் யோசிப்பதே இல்லை. கை தானாக எழுதிவிடும்: அவர் இறங்கியபோது வண்டி 'ஸ்டாண்ட்ஸ்டில்'.

அர்த்தம் தெரியாமல் எழுதவில்லை. வேகம் குறைவது அல்ல, மெல்ல உருள்வதும் அல்ல. சக்கரம் ஒரு நூல்கூட அசையாமல் நிற்பது. எங்கள் பஸ் எந்த நிறுத்தத்தில் அப்படி நின்றது? நின்றால் நேரம் தவறும், நேரம் தவறினால் டிரைவருக்கு மெமோ. ஆகவே உருட்டிக்கொண்டே இறக்கிவிடுவார்கள். பாவம், பிள்ளைகுட்டிக்காரர்கள் என்று நானும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். புண்ணியம் செய்வதாக வேறு நினைப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை டிரைவர் ஒருவர் ஓடி வந்தார்.

"ரைட்டர் சார், ஒருத்தர் விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. வழக்கமா எழுதுவீங்களே, அதையே போட்டுடுங்க."

"வண்டி நின்னுச்சா?"

"என்ன சார் புதுசா கேக்குறீங்க? என்னிக்கு நின்னிருக்கு?"

இறந்தவரின் அடையாள அட்டையை மேஜைமேல் வைத்தார். என் தங்கச்சி புருஷன்.

அன்றுதான் முதல்முறையாக உண்மையை எழுதினேன். வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

குடித்துவிட்டு விழுந்தார் என்று அதற்குள் ஊர் பேச ஆரம்பித்திருந்தது. "அவரு மேல தப்பு இல்லன்னு ஒரு தாள்ல எழுதி வாங்கிக் குடுண்ணா, போதும்" என்றாள் தங்கச்சி. வாங்கித் தருகிறேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சொன்னேன்.

விசாரணையில் டிரைவர், வண்டி நின்றது என்று அடித்துச் சொன்னார். அவர்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. அதிகாரி என் பழைய அறிக்கைகளை வரவழைத்திருந்தார். மொத்தம் பதினேழு.

"பதினேழு தடவையும் நின்ன வண்டி, உங்க வீட்டு ஆளு விழுந்தப்ப மட்டும் ஓடுச்சா?"

பதினேழும் பொய் என்று சொல்லியிருக்க வேண்டும். வேலை போகும், ஜெயிலும் கிடைக்கும். என் பிள்ளைகளின் முகம் வந்தது. வாயைத் திறக்கவில்லை.

விசாரணை முடிவுத் தாள் வந்தது: அவர் இறங்கியபோது வண்டி 'ஸ்டாண்ட்ஸ்டில்'. தங்கச்சி அந்த ஒரு வார்த்தையின்மேல் விரலை வைத்தாள்.

"இதுக்கு என்னண்ணா அர்த்தம்?"

"துளிகூட அசையாம நிக்கிறதும்மா."

"நின்ன பஸ்ஸுல இருந்து இறங்கி ஒரு மனுஷன் இப்படிச் சாவானா?"

விரலை எடுக்காமலே அடுத்ததைக் கேட்டாள்.

"இதுக்கு முன்னாடி விழுந்தவங்க வீட்டுக்கும் இதே தாள்தான் போச்சா?"

தலையசைத்தேன். அவள் அழவில்லை. தாளை நாலாக மடித்து என் சட்டைப்பையில் செருகினாள்.

"நீயே வச்சுக்கோ. எல்லாம் நீ எழுதினதுதானே."