வெளிப்பக்கம் போன தையல்

மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கிறது. மகளுக்குத் தைத்த சட்டையோ அவள் உடம்பில் ஏறமாட்டேன் என்கிறது. ஊரில் பாதிப் பேருக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிற தையல்காரருக்கு இதைவிட வேறென்ன தலைக்குனிவு வேண்டும்?

"குத்துதுப்பா," என்றாள் மகள். தொட்டதற்கெல்லாம் சுள்ளென்று கோபம் ஏறுகிறவள் என்பதால் வீட்டில் அவளுக்கு மிளகாய் என்று பெயர்.

குத்துகிறதாம்! கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். ஊசி இல்லை, நூல் பிசிறு இல்லை. துணிதான் முரடு போலிருக்கிறது என்று உள்ளே மெல்லிய லைனிங் வைத்துத் தைத்தார். தையல்காரர் புத்தி வேறெங்கே போகும்? லைனிங் வைத்தால் உள்ளே இன்னும் நாலு தையல் மடிப்பு கூடுமே, அது அவருக்குத் தோன்றவில்லை. அதைப் போட்டுப் பார்த்த மிளகாய், துணி வெட்டுகிற மேசைக்கு அடியில் போய்ப் படுத்து அழுதாள்.

"எல்லாம் பிடிவாதம். நீ கொடுக்கிற செல்லம்!" என்று மனைவிமேல் பாய்ந்தார்.

பஸ் ஓட்டிவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்த மனைவி, மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். "பிடிவாதம் பிடிக்கிற பிள்ளைக்கு இப்படியா வேர்த்துக் கொட்டும்?"

கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு மிளகாய் வெளியே வந்தாள். மடிப்பெல்லாம் ஊர் பார்க்கத் தெரிந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"இப்படியே போறேம்பா."

"நானும் கடையை இழுத்து மூடிட்டு உன் பின்னாடியே வரேன்! தையல்காரன் பிள்ளை சட்டையைத் திருப்பிப் போட்டுட்டுப் போனா, அப்புறம் யாரு என்னை நம்பித் துணி கொடுப்பாங்க? ஒழுங்கா போடு!"

இப்போது வெடிப்பாள் என்று காத்திருந்தார். வெடிக்கவில்லை. சட்டையைக் கழற்றி நேராகப் போட்டுக்கொண்டாள். கைகள் உடம்பில் படாதபடி அகட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பரவாயில்லப்பா. சாயங்காலம் வரைக்கும்தானே."

தையல்காரர் ஜெயித்துவிட்டார். ஜெயித்து என்ன? அப்பன் மானத்துக்காக ஒரு சின்னப் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமென்றால், அந்த மானத்தை வைத்து என்ன செய்வது, அடுப்பில் போடவா?

"கழட்டும்மா," என்றார்.

லைனிங்கைக் கிழித்துப் போட்டார். தையலையெல்லாம் பிரித்து, மடிப்புகள் வெளிப்பக்கம் வரும்படி மறுபடி தைத்தார். ஒவ்வொரு தையலும் முடிந்ததும் உள்பக்கத்தை அவள் கன்னத்தில் ஒற்றிக் காட்டினார்.

"குத்துதா?"

"இங்க மட்டும், கொஞ்சம்."

அங்கே பிரித்தார். மறுபடி தைத்தார். மிளகாய் கண்ணை மூடிக்கொண்டு, தானே கன்னத்தை நீட்டினாள்.

காலையில் பள்ளி வாசல் வந்ததும் கைகளை வீசிக்கொண்டு உள்ளே ஓடினாள். அப்பனுக்கு டாட்டா சொல்லக்கூடத் திரும்பவில்லை. அவருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

பக்கத்தில் பேரனை விட வந்த வாடிக்கைக்காரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "என்ன மாஸ்டர், உங்க பொண்ணு சட்டையைத் திருப்பிப் போட்டுட்டுப் போகுது. கவனிக்கலையா?"

"இத்தனை நாளா கவனிக்கலைங்க," என்றார் தையல்காரர். "நேத்துதான் கவனிச்சேன்."