கையில் வாங்காத சீட்டு

ஆபீஸில் அவளுக்கு 'ரெண்டுதரம்' என்று பெயர். வைத்தவர் மேற்பார்வையாளர். தப்பான இடத்தில் நிற்கும் வண்டிகளுக்கு அபராதச் சீட்டு எழுதுகிற வேலையில், மற்றவர்கள் ஒருதரம் பார்ப்பதை அவள் ரெண்டுதரம் பார்ப்பாள். வண்டி எண்ணை மிஷினில் ஏற்றியபின் கடைசி எழுத்திலிருந்து தலைகீழாகப் படித்துச் சரிபார்ப்பாள். வீட்டைப் பூட்டிவிட்டுப் பத்தடி போனவள் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். தன் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

கேலி செய்தாலும் ஒன்றை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். மூன்று வருடத்தில் அவள் எழுதிய சீட்டு ஒன்றுகூட மேல்முறையீட்டில் ரத்தானதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை, கூட வேலை பார்ப்பவளுக்கு உடம்பு சரியில்லை என்று கிளினிக் தெருவையும் இவள் தலையில் கட்டினார்கள். தூறிக்கொண்டிருந்தது. மழைக்கோட்டின் தலைமூடியை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் அந்தத் தெருவுக்குள் நுழைந்தபோது மணி ஒன்று பத்து.

நுழைந்ததும் ஒரு குறிப்பிட்ட எண்ணைத்தான் தேடினாள். தம்பியின் வேன். மூட்டு ஆபரேஷன் ஆன அம்மாவுக்கு அந்தக் கிளினிக்கில்தான் காலுக்குப் பயிற்சி. செவ்வாய்தோறும் தம்பி தன் சாப்பாட்டு நேரத்தில் வந்து அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போவான். சலவைக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவன் அவன். விடுதிகளில் வெளுத்த விரிப்புகளை இறக்கி அழுக்கை அள்ளி வருகிற வேலை. இந்த வருடம் ஏற்கெனவே இரண்டு சீட்டு வாங்கியிருந்தான். மூன்றாவது வந்தால் சாவியை வைத்துவிட்டுப் போய்விடுகிறேன் என்று மேலாளர் அவனிடம் எழுதியே வாங்கியிருந்தார். அது தெரிந்தும், "வாசல்லயே நிறுத்திக்கோடா, அம்மாவால நடக்க முடியாது. மதியத்துல எங்க ஆளுங்க அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கமாட்டாங்க" என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவள் இவள்தான்.

அந்த எண் அங்கே இல்லை. வந்து போயிருப்பான் என்று நிம்மதியானாள்.

கிளினிக் வாசலில், வண்டி நிறுத்தக்கூடாத மஞ்சள் கோட்டின் மேல், வேறொரு வெள்ளை வேன் நின்றிருந்தது. உள்ளே யாரும் இல்லை. பின் சக்கரத்தில் காற்றடிக்கிற வால்வு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனித்தாள். சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டால் நாலு மணி. படம் எடுத்தாள். ஒன்று பன்னிரண்டு. வால்வு இடம் மாறாமல் இருந்தால் வண்டி நகரவில்லை என்று அர்த்தம். நோயாளியை ஏற்ற இறக்க ஐந்து நிமிடம் விடவேண்டும், அதற்கப்புறம் எழுதலாம் என்பது விதி. அவளுக்கு ஐந்து போதாது. அவசரப்பட்டு யார் வயிற்றிலாவது அடித்துவிட்டால்? தெருக்கோடி வரை ஒரு நடை போய்த் திரும்பினாள். ஒன்று இருபத்துமூன்று. வால்வு அதே நாலு மணி. வேன் அதே காலி. இரண்டாவது படம். எண்ணை ஏற்றினாள், தலைகீழாகப் படித்தாள், 'பதிவு' என்பதை அழுத்தினாள். பாக்கி இருந்தது தெருமுனைக் கம்பத்திலுள்ள அறிவிப்புப் பலகையின் படம் ஒன்றுதான். அதுவும் ஏறினால்தான் மிஷின் சீட்டை அச்சடித்துத் தரும். எழுபது எண்பது அடி நடந்து போய், எழுத்து தெளிவாக விழும்வரை மூன்று நாலு தரம் முயன்று அதையும் எடுத்தாள்.

முதுகுக்குப் பின்னால் எஞ்சின் உறுமியது.

திரும்பிப் பார்த்தாள். வேன் சாலைக்கு வந்துகொண்டிருந்தது. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் ஜன்னலுக்கு வெளியே ஒரு கைத்தடியின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஆரஞ்சு நிறத்தில் டேப். இருட்டில் வண்டிக்காரர்கள் கண்ணில் படட்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் தடியில் அவளே சுற்றிவிட்ட டேப்.

"டேய்! நில்லுடா! டேய்!"

மிஷினைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பின்னால் வந்த லாரியின் ஹாரன் அவள் குரலை விழுங்கிவிட்டது. ஓட்டுநர் ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்து, ஊருக்குப் போகிறவர்களை வழியனுப்புவதுபோல் நிதானமாக ஆடியது. வேன் மூலையில் திரும்பி மறைந்தது.

மிஷின் 'பீப்' என்றது. திரையில் மூன்று வரிகள்: கண்ணாடியில் ஒட்டப்பட்டது. கையில் கொடுக்கப்பட்டது. வண்டி ஓட்டிச் செல்லப்பட்டது. மூன்றில் ஒன்றை அழுத்தாமல் அது விடாது. நடைபாதை ஓரமாக நின்று வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நடந்தது எதுவோ அதை அழுத்தினாள்.

நாலு மணிக்கு மேற்பார்வையாளர் மேஜை முன்னால் போய் நின்றாள்.

"சார், ஒரு பதிவை ரத்து பண்ணணும்."

"நீயா? ரெண்டுதரமா?" அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "சூரியன் எந்தப் பக்கம்மா உதிச்சது இன்னைக்கு? என்ன, நம்பர் தப்பா?"

"நம்பர் சரி சார். வண்டி ஓட்டினது என் தம்பி. வேற வேன்ல வந்திருக்கான், எனக்குத் தெரியல."

அவர் சிரிப்பு வந்த வழியே போய்விட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்த ஒரு காரணத்தை மட்டும்தாம்மா போட முடியாது. போட்டா உன் வேலையும் போகும், கையெழுத்துப் போட்ட என் வேலையும் போகும்."

"அம்மாவை ஏத்தத்தான் சார் நின்னிருக்கான். நோயாளிக்குச் சலுகை இருக்கே."

"இருக்கு, அஞ்சு நிமிஷம். நீ எவ்வளவு நேரம் விட்டே?"

"பதினொண்ணு."

"பதினொண்ணு!" அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "மத்தவங்க மூணு நிமிஷத்துல எழுதிட்டு வந்து என் உயிரை வாங்குவாங்க. நீ பதினொரு நிமிஷம், ரெண்டு வால்வு, பலகை வரைக்கும்... சரி, படத்துல அம்மா எங்கயாவது இருக்காங்களா?"

"இல்ல. ரெண்டுலயும் வேன் காலி."

"அவன் ஒரு நிமிஷம் நின்னிருந்தா, அம்மாவை வண்டியோட ஒரு படம் எடுத்து, 'நடக்க இயலாத நோயாளி'ன்னு குறிப்புல எழுதியிருக்கலாம். பதினொரு நிமிஷம் ஆனாலும் அதை வெச்சு நானே பேசியிருப்பேன். இப்ப என்ன இருக்கு? ஓடிப்போனான்னுதானே இருக்கு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தபால்ல போகும்மா. வண்டி யார் பேர்ல இருக்கோ அவங்களுக்கு."

வீட்டுக்கு வந்தபோது உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அம்மா காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். தம்பி கூடத்தின் நடுவில், டிவி ரிமோட்டைத் தூக்கிப் பிடித்தபடி, குடுகுடுவென்று ஓடிக் காட்டிக்கொண்டிருந்தான்.

"வாக்கா, நல்ல நேரத்துக்கு வந்தே! உங்க ஆளு ஒண்ணு இன்னைக்கு எங்கிட்ட மாட்டிக்கிச்சு. என் வேன் வொர்க்‌ஷாப்ல கிடக்குன்னு ஒரு பழைய வண்டியைக் குடுத்தாங்களா, அதை வாசல்ல போட்டுட்டு உள்ள போனா, அம்மா இன்னும் செருப்பே மாட்டல. மாட்டி, படி எறங்கி, வண்டியில ஏத்திக் கிளப்புறேன், கண்ணாடியில பாக்குறேன், கோட்டு போட்ட பூதம் ஒண்ணு மிஷினைத் தூக்கிக்கிட்டு ஓடி வருது!"

"பாவம்டா, மூச்சு வாங்கியிருக்கும் அதுக்கு," என்றாள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஆபரேஷனுக்கு அப்புறம் அவள் இப்படிச் சிரித்து இவள் பார்த்ததில்லை.

"டாட்டா காட்டிட்டு வந்துட்டேன். கையில குடுத்தாத்தான் ஃபைன், கண்ணாடியில ஒட்டினாத்தான் ஃபைன். குடுக்கிறதுக்குள்ள கிளம்பிட்டா ஒண்ணும் பண்ண முடியாது. எங்க சீனியர் டிரைவர் இருபது வருஷமா இப்படித்தான் ஓட்டுறாரு. நீ சொல்லுக்கா, தப்பிச்சா தப்பிச்சதுதானே?"

அவள் மழைக்கோட்டைக் கழற்றாமலேயே நின்றாள்.

"தப்பிக்க முடியாதுடா. நம்பரை ஏத்தி, படம் எடுத்தாச்சுன்னா தபால்ல வரும்."

"சும்மா பயமுறுத்தாதே."

"பத்து நாளைக்குள்ள. உங்க கம்பெனிக்கு."

ரிமோட்டை மெதுவாக மேஜைமேல் வைத்தான். "கம்பெனிக்கேவா?"

"வண்டி அவங்க பேர்லதானே இருக்கு."

 அம்மா முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். "என்னை ஏத்தத்தானே நின்னான்? களவாடவா போனான்? ஏண்டி, உங்க ஆபீஸ் பொண்ணுதானே அது. நீ போய் ஒரு வார்த்தை சொல்லு. அவளுக்கும் ஒரு அம்மா இருப்பா இல்ல?"

"ஆமாக்கா, யாருன்னு உனக்குத் தெரியாம இருக்காது. கால்ல வேணா விழறேன். இந்த வேலையை விட்டா எனக்கு வேற எவன் சாவி குடுப்பான்?"

"அவளுக்கும் அம்மா இருக்காம்மா," என்றாள்.  "நான்தான் அது."

தம்பி சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த மழைக்கோட்டைப் பார்த்தான்.

"டிக்கெட் குடுக்க ஓடி வரலடா. தடியைப் பாத்துட்டு, நிறுத்துன்னு சொல்லத்தான் ஓடி வந்தேன். நீ நின்னிருந்தா..." முடிக்கவில்லை. முடித்து யாருக்கு என்ன லாபம்?

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. அவன் போய் ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தான்.

"அப்பீல் எழுதலாம்ல? எழுது. நீ எதையாவது தப்பா பண்ணியிருப்பே. நீதான் அடுப்பை அணைச்சோமா இல்லையான்னு பாதி வழியில திரும்பி வர்றவளாச்சே. நேரத்தைத் தப்பா போட்டிருப்பே. நம்பர்ல ஒரு எழுத்து மாறியிருக்கும். நல்லா யோசிக்கா."

அம்மா அங்கிருந்தே தலையை ஆட்டினாள். "ஆமாடி, யோசி. சின்னப் பிள்ளையிலேருந்தே உனக்கு எதுலயும் ஒரு நிச்சயம் கிடையாதே."

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஒன்று பன்னிரண்டு என்று எழுதினாள். மிஷினின் கடிகாரத்தைக் காலையில் ஆபீஸ் கடிகாரத்தோடு ஒத்துப்பார்த்தது நினைவுக்கு வந்தது. வால்வு, நாலு மணி. நிழல் விழுந்து படம் மங்கியிருக்குமோ? இல்லை, குனிந்து பக்கத்திலிருந்து எடுத்தது. வண்டி எண்ணை நினைவிலிருந்து எழுதி, கடைசி எழுத்திலிருந்து தலைகீழாகப் படித்தாள். பலகை. கம்பம். தெருவின் பெயர்.

தம்பி அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து நின்றான். அவன் மூச்சு காதில் பட்டது.

"கெடச்சுதா?"

"இரு," என்றாள். நோட்டில் புதுப் பக்கம் புரட்டி, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.