மூன்று முறை எழுதிய பெயர்

1981இல் பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரிக்கு ரூத் புதிய தாதியாக வந்தாள். இரண்டாவது வாரம், ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகும் இருளப்பன் இடுப்பு வலிக்கு மாத்திரை கேட்டு வந்தார். வயது நாற்பத்திரண்டு. கால் வீங்கி, சிலிப்பர் வார் தோலில் பதிந்திருந்தது.

ரூத் பிரஷர் பார்த்தாள். நூற்றுத் தொண்ணூறு. மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சுட வைத்ததும், முட்டை வெள்ளைபோல் திரண்டது; சிறுநீரகம் கெடுவதன் அடையாளம்.

பழைய பதிவேட்டைப் புரட்டினாள். ஜனவரி, ஏப்ரல், ஜூன் மூன்றிலும் அவர் பெயர் இருந்தது. நூற்றைம்பது, நூற்றறுபது, நூற்றெழுபது. மூத்திரத்தில் கலங்கலும் ஒவ்வொரு முறையும் கூடியிருந்தது. மாதமொரு முறை வரும் டாக்டர் டக்ளஸ் மூன்றிலும் கையெழுத்துப் போட்டு, வலி மாத்திரை மட்டும் எழுதியிருந்தார்.

"உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையாண்ணே?"

"என்னத்த மிஸ்ஸி? மருந்து குடுத்தாங்க, வேலைக்குப் போன்னாங்க. அவ்ளோதான் லா."

டாக்டர் வந்ததும் ரூத் பதிவேட்டை நீட்டினாள்.

"வயசானா பிரஷர் ஏறும். நீங்க என்ன டாக்டரா?"

"இல்ல சார். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், அவ்வளவுதான்."

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தர அவர் மறுத்தார். மறுநாள் ரூத் எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு, இருளப்பனையும் அவர் மனைவி பாப்பம்மாவையும் பஸ்ஸில் சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ரத்தம் சோதித்த டாக்டர், சிறுநீரகம் பாதிக்கு மேல் கெட்டுவிட்டது என்றார். அதை இன்னும் கெடுக்கும் வலி மாத்திரையை நிறுத்தச் சொல்லி, பிரஷர் மருந்து கொடுத்தார். ஜனவரியிலேயே வந்திருந்தால் நிறையக் காப்பாற்றியிருக்கலாமாம்.

"எழுதின கைக்கு வாய் இல்லையா?" என்று பாப்பம்மா கத்தினாள்.

அடுத்த மாதம் டாக்டர் டக்ளஸ் வந்தபோது வரிசையில் முதல் ஆள் இருளப்பன்தான்.

"என் பிரஷர் எவ்ளோ டாக்டர்? முந்தி எவ்ளோ?"

"மருந்த வாங்கிட்டுப் போ."

"சொல்லுங்க, போறேன்."

நாற்காலியை விட்டு இருளப்பன் எழவில்லை. பின்னால் முப்பது பேர் நின்றார்கள். டாக்டர் முகம் சிவக்கப் பக்கத்தைத் திருப்பி எண்களைப் படித்தார். அடுத்து உட்கார்ந்த மருதம்மாளும் அதையே கேட்டாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் விடவில்லை. அன்று பக்கம் திருப்பியதில் மருதம்மாளுக்கும் இன்னொருவருக்கும் கலங்கல் கூடிவருவது தெரிந்தது. இருவருக்கும் டாக்டரே கடிதம் எழுதினார்.

வாசலில் ரூத் இருளப்பனின் காலைப் பார்த்தாள்.

"வீக்கம் வடிஞ்சிருச்சி மிஸ்ஸி. கோவம்தான் வடியல" என்றார்.