ஸ்டூரேவுக்குப் பயம் வரவில்லை

போன குளிர்காலம் முழுக்க என் புருஷன் ஸ்டூரேவுக்கு நான்தான் டிரைவர். சம்பளம் கிடையாது, வாய்க்கு வந்தபடி திட்டு மட்டும் உண்டு.

எல்லாம் அவன் இழுத்துவிட்ட வினை. ஊர்க் கடைக்கு முன்னால் கார் நிறுத்தும் இடத்தில் பனி இறுகிக் கண்ணாடி மாதிரி கிடந்தது. அவனிடம் பின்சக்கரம் தள்ளுகிற பழைய வால்வோ ஒன்று இருக்கிறது. ஸ்டீரிங்கை ஒடித்து ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தால், பின்பக்கம் தானாகச் சுழலும். அறுபதை நெருங்குகிற மனுஷன், சேக்காளிகளுக்கு வட்டமடித்துக் காட்டப் போய், கடையின் தள்ளுவண்டிகளை வரிசையோடு அள்ளிக்கொண்டு போலீஸ் காரின் மூக்கில் முட்டினான். லைசென்ஸ் போயிற்று. திரும்ப வாங்க வேண்டுமானால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி எல்லாப் பாடத்தையும் முதலிலிருந்து முடிக்க வேண்டும்.

அதுவரை அவனை மீன் பிடிக்க ஏரிக்கும், சௌனா என்கிற நீராவிக் குளியலுக்கும், சேக்காளிகள் வீட்டுக்கும் கொண்டுபோய் விட்டது நான். அதுவும் என் சின்னக் காரில். முன்சக்கரம் இழுக்கும் வண்டி என்று அதன்மேல் அவனுக்கு ஏக இளக்காரம். "இதெல்லாம் ஒரு வண்டியா, இழுத்த இழுப்புக்குப் போற நாய்க்குட்டி," என்பான். ஒவ்வொரு வளைவிலும் ஒரு உபதேசம். வியாழக்கிழமை கோயில் பாட்டுக் குழுவுக்கு நான் போய் மாதக்கணக்காகியிருந்தது. என் இடத்தில் தபால்காரர் மனைவி நின்று பாடினாள். அவளுக்குச் சுருதியே சேராது. வயிறு எரிந்தது.

மிச்சமிருந்தது ரோட்டுத் தேர்வும், அதற்கு முன்னால், பனியில் வண்டி வழுக்கினால் என்ன ஆகும் என்று காட்டும் சறுக்குத்தடப் பாடமும். ஆர்விட்ஸ்யவுர் ஊருக்குப் பக்கம் உறைந்த ஏரிமேல் தடம் போட்டிருந்தார்கள். பாடம் நடத்தும் அனெலி கையெழுத்துப் போட்டால்தான் மேற்கொண்டு நகர முடியும். போடாவிட்டால் அடுத்த முறை அடுத்த குளிர்காலம்தான். இன்னொரு வருஷம் அவனை ஏற்றி இறக்கினால், ஒன்று அவன் இருப்பான், இல்லை நான் இருப்பேன்.

பாடத்துக்கென்றே அங்கே பின்சக்கர வண்டி ஒன்று வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் ஸ்டூரேவின் முகத்தில் கல்யாணக் களை வந்துவிட்டது. வளைவில் வால் வழுக்கியது. காலை எடுத்தான், எதிர்ப்பக்கம் ஸ்டீரிங்கை ஒரு சிட்டிகை திருப்பினான், வண்டி நேரானது. திடீர் பிரேக், குறுக்கே நிறுத்திய எல்க் மான் பொம்மை, சரிவு, எல்லாவற்றையும் தாண்டினான். தடத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்த ஒரு கூம்புகூட அசையவில்லை. அனெலியின் முகம்தான் வர வர இருண்டது.

"என்னால கையெழுத்துப் போட முடியாதுங்க," என்றாள், தடத்தோர அறையில் மேசைக்கு வந்து உட்கார்ந்ததும்.

"ஏம்மா, எதையாவது இடிச்சேனா?"

"இடிக்கல. அதான் பிரச்சினையே. பனியில நம்ம கையில ஒண்ணும் இல்லைன்னு புரியவைக்கத்தான் இந்தப் பாடம். உங்களுக்குப் பயமே வரலையே."

"என் கையில எல்லாமே இருக்கும்மா. அப்புறம் எதுக்குப் பயம்?"

மேசைக்கு அடியில் அவன் கால் எலும்பைப் பார்த்து ஒரு உதை விட்டேன். அனெலி காப்பி ஊற்றிக்கொள்ளப் போன நேரத்தில் அவன் காதில் சொன்னேன்: "பயந்த மாதிரி நடிச்சுத் தொலையேன். உனக்கு என்ன குறைஞ்சுடும்?"

நடித்தான். அடுத்த சுற்றில் வண்டியை வேண்டுமென்றே சுழலவிட்டு, பால் டப்பாவில் எழுதியிருப்பதை வாசிக்கிற குரலில், "ஐயோ, பயமா இருக்கு, என்ன பண்றதுன்னே தெரியல," என்றான். முகத்தில் பல்லெல்லாம் தெரிகிறது. பின்சீட்டில் இருந்த எனக்கு மானம் போயிற்று.

அனெலி வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க ஒரு சுத்து ஓட்டுறீங்களா? இவரு பக்கத்துல உக்காரட்டும். நான் வெளியே நின்னு பாக்குறேன்."

"கூன்வோரா? அவளுக்குப் பின்சக்கர வண்டி வராதும்மா," என்றான் ஸ்டூரே. வாஸ்தவம்தான். வால்வோவின் சாவியை அவன் என் கையில் கொடுத்ததே இல்லை. சொன்ன தோரணைதான் எனக்குப் பொறுக்கவில்லை. போய் உட்கார்ந்தேன்.

முதல் வளைவிலேயே வழுக்கியது. என் வண்டி வழுக்கினால் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்துவேன், முன்சக்கரம் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அதே பழக்கத்தில் அழுத்தினேன். பின்பக்கம் முன்பக்கத்தை முந்திக்கொண்டு வந்தது.

"காலை எடு. கூன்வோர், காலை எடு. அம்மாடி, காலை எடுடி!"

எந்தக் காலை? நான் இன்னும் அழுத்தினேன். ஏரி சுற்றியது, காடு சுற்றியது, கூம்புகள் பறந்தன, எல்க் பொம்மை கண்ணாடியில் முகத்தை ஒட்டிவிட்டுப் போனது. ஸ்டூரே மேலே இருந்த கைப்பிடியில் தொங்கிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, பரமண்டலத்தில் இருக்கிற பிதாவைக் கூப்பிட்டான். பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்கே கோயிலுக்குள் வராமல் வாசலில் நின்றவன் அவன். பனிமேட்டில் புதைந்துதான் நின்றோம்.

அனெலி ஓடிவந்து அவன் பக்கத்துக் கதவைத் திறந்தாள். "எப்படி இருந்துச்சு?"

"என்னால ஒண்ணும் பண்ண முடியலம்மா," என்றான். உதடு வெளுத்திருந்தது. "எல்லாம் தெரியுது, ஒண்ணும் பண்ண முடியல. சும்மா உக்காந்திருந்தேன்."

அவள் அங்கேயே கையெழுத்துப் போட்டாள். டிராக்டரைக் கூப்பிடப் போனாள்.

நாங்கள் இருவரும் சாய்ந்த வண்டிக்குள் இருந்தோம். அவன் கேட்டான்: "நான் ஓட்டும்போது உனக்கு இப்படித்தான் இருக்குமா?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து."

"சொல்லவே இல்லையே."

"ஒவ்வொரு குளிர்காலமும் சொன்னேன். நீ ரேடியோ சத்தத்தைக் கூட்டுவ."

எங்கள் ஊரில் ஆமாம் என்பதற்கு வாயால் ஒரு மூச்சு இழுப்போம், அப்படி ஒன்று இழுத்தான். எனக்கு அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது.

டிராக்டர் வந்து எங்களை வெளியே இழுத்துவிட்டது. அனெலி ஜன்னலில் குனிந்தாள். "வண்டியை ஓரமா விட்டுடலாமா?"

"இன்னொரு சுத்து போய்ப் பாக்கவா?" என்று கேட்டேன். காலை எப்போது எடுக்க வேண்டும் என்று எனக்கு இப்போதுதான் பிடிபட ஆரம்பித்திருந்தது. அவள் பதில் சொல்வதற்குள் ஸ்டூரே பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கிவிட்டான்.