கார்த்திகையில் பிறந்தவள்

கிருஷ்ணவேணி இரண்டு கைகளையும் நிலையில் ஊன்றி அறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். வெளியே பால் தம்ளரோடு மருமகள் ஜீவிதா. உள்ளே கட்டிலில் ராஜவேலு, இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தே, மாமா கூப்புடறாரு அத்தே. ஒரே ஒரு வாய் ஊத்திட்டு வந்துடறேன்."

"நீ ஊத்துன வரைக்கும் போதும். தம்ளர அப்படி வச்சிட்டு தோட்டத்துப் பக்கம் போ."

அருள் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். காலை ஏழரை மணிக்கே ஓடு கொதிக்க ஆரம்பித்திருந்தது, கத்திரி வெயில். ராஜவேலுவின் உதடு அசைந்தது. காதை வைத்துக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, விடிந்ததிலிருந்து இது நாலாவது தடவை.

"ஜீவிதா எங்க பா?"

"வருவா பா."

எழுந்து போய் அம்மாவின் கையை நகர்த்த ரெண்டு எட்டு போதும். கட்டின பெண்டாட்டி வாசலில் நின்று கெஞ்சுகிறாள், பெற்ற அப்பன் கட்டிலில் கிடந்து கேட்கிறார். நடுவில் உட்கார்ந்திருந்த இருபத்தொன்பது வயது ஆண்பிள்ளைக்கு அந்த ரெண்டு எட்டுக்குக் கால் வரவில்லை. ஏனென்றால் அம்மாவின் கையில் அந்த வாசலைக் கொடுத்தவனே அவன்தான்.

ராஜவேலு மின்வாரியத்தில் வீடு வீடாக ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்கு அப்புறம் ஜாதகப் பைத்தியம் பிடித்தது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப் போட்டு, பெரிய காஞ்சிபுரத்தில் அவர்கள் தெருவில் பிறக்கிற குழந்தைக்கெல்லாம் சும்மாவே ஜாதகம் எடுத்துக் கொடுப்பார். அருள் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் மெக்கானிக். தை மாதம் அவன் கல்யாணம் முடிந்த கையோடு வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தது. அதிலிருந்தது திருட்டு விண்டோஸ். அருள் அதை வழித்துப் போட்டுவிட்டு லினக்ஸ் ஏற்றினான். ஏற்றிய பிறகுதான் தெரிந்தது, அப்பாவின் ஜாதக சாப்ட்வேர் விண்டோஸைத் தவிர வேறெதிலும் ஓடாது. மூன்று நாள் சாப்பாடு தூக்கம் பார்க்காமல் உட்கார்ந்து, லினக்ஸுக்கு மேலே வைன் என்று ஒன்றைப் போட்டு, 'இதுவும் விண்டோஸ்தான்' என்று அந்த சாப்ட்வேரை நம்பவைத்து ஓட்டிவிட்டான்.

"ஒயின் ஊத்துனாத்தான் இனிமே ஜாதகம் சொல்லுமாடா?" என்று ராஜவேலு சிரித்தார். ஜீவிதாவும் கூடச் சிரித்தாள். மாமனாரும் மருமகளும் அப்படித்தான். தாயம் ஆடும்போது அவர் கள்ள ஆட்டம் ஆடுவார், அவள் சண்டைக்குப் போவாள், கடைசியில் அவருக்கு நகம் வெட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

அருளுக்கு மட்டும் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அவன் தெருவுக்கே தம்பட்டம் அடித்தான். "இதுல வைரஸே வராது. பழசு சொன்னத நம்பாதீங்க, இது சொன்னா சொன்னதுதான்."

பங்குனியில் ராஜவேலுவுக்கு வயிறு வீங்கியது. சென்னைக்குக் கொண்டுபோனார்கள். ஈரல் போய்விட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஈரல் என்ற காரணம் கிருஷ்ணவேணிக்குப் போதவில்லை. வீட்டுக்குப் புதிதாக வந்தது என்ன என்று யோசித்தாள். அருளை உட்கார வைத்து மருமகளின் பிறந்த தேதியைப் போடச் சொன்னாள். அவன் 12/06/1983 என்று தட்டினான். நட்சத்திரம் மூலம் என்று வந்தது.

மருமகளுக்கு மூலம் என்றால் மாமனாருக்கு ஆகாது. சம்பந்தி வீட்டார் கொடுத்த காகிதத்தில் திருவாதிரை என்று எழுதியிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ராஜவேலு தன் கையால் பழைய விண்டோஸில் போட்டுப் பார்த்தபோதும் திருவாதிரைதான் வந்தது. அருள் அதைச் சொன்னான்.

"அதுக்கு வைரஸ் புடிச்சிருந்துதுன்னு நீதானடா சொன்னே?" என்றாள் கிருஷ்ணவேணி.

தன் கைவேலை பிசகியிருக்கும் என்று சொல்ல அருளுக்கு வாய் வரவில்லை. அறைக்குள்ளிருந்து ராஜவேலுதான் குரல் கொடுத்தார். "மூலமா இருந்தா இருந்துட்டுப் போவட்டும். எனக்கு அறுவத்தாறு ஆவுது. கல்யாணத்துக்கு மின்னாடியே என் ஈரல் கெட்டுப்போச்சி." நோயாளி பேச்சை யார் கேட்கிறார்கள்? அன்றிலிருந்து ஜீவிதா அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று ஆகிவிட்டது.

இன்று காலையும் பாலைக் கிருஷ்ணவேணியே ஊற்றினாள். ராஜவேலு பல்லைக் கடித்துக்கொண்டார். அருள் ஊற்றினான். அதுவும் கன்னத்தில் வழிந்து தலையணைக்குப் போனது. எட்டு மணிக்கு மூச்சு நின்றது. அப்பா கோபித்துக்கொண்டு செத்தார் என்பது அருளுக்குத் தெரியும். அதை நினைத்துத்தான் அழுதான். மற்றவர்கள் பாசம் என்று நினைத்துக்கொண்டு முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

ஒன்பது மணிக்குப் பந்தல் போட்டாயிற்று. பத்தரைக்கு ஜீவிதாவின் அப்பா தர்மன் வாலாஜாபாத்திலிருந்து மாலையும் கையுமாக வந்து இறங்கினார். அவரைப் பார்த்ததும் பிணத்தின் தலைமாட்டிலிருந்து கிருஷ்ணவேணி எழுந்தாள்.

"வாய்யா! மூலத்த திருவாதிரைன்னு எழுதிக் குடுத்து என் தாலிய அறுத்தவனே! மாலை வேற வாங்கியாந்துக்கினு வந்துட்டியா? கம்ப்யூட்டரு பொய் சொல்லுமா?"

தெருவே திரும்பிப் பார்த்தது. தர்மன் மாலையை நீட்டியபடி நின்றார். வாங்க ஒரு கை நீளவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து அவரே அதை ஒரு நாற்காலியின் மேல் வைத்துவிட்டு, பந்தலின் கடைசியில் தனியாக உட்கார்ந்திருந்த மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஜீவிதாவைச் சுற்றி நாலு நாற்காலிகள் காலியாகவே இருந்தன.

காரியம் செய்துவைக்கிற ஐயர் வந்ததும் அடைப்பு உண்டா என்ற பேச்சு எழுந்தது. சில நட்சத்திரங்களில் உயிர் போனால் அந்த அறையைச் சில மாதம் பூட்டி வைக்க வேண்டும். ஐயர் பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுப்பதற்குள் பக்கத்து வீட்டு அலமு முந்திக்கொண்டாள்.

"அருளு கம்ப்யூட்டர்லயே பாத்துடேன்பா. ஊருக்கெல்லாம் பாத்த மனுசன், அவருக்கு அதுலயே பாத்ததா இருக்கட்டும்."

அருள் உள்ளே போய்க் கம்ப்யூட்டரைப் போட்டான். 12/05/2006, காலை எட்டு மணி, காஞ்சிபுரம். வந்ததைப் படித்துக்கொண்டே வாசலுக்கு வந்தான்.

"ரோகிணி. நாலு மாசம் அடைப்பு."

ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி நிமிர்ந்தார். "ரோகிணியா? இன்னிக்கு சுவாதிப்பா. சுவாதிக்கு அடைப்பே கிடையாது. நாளைக்கு சித்ரா பௌர்ணமி, இன்னிக்கு எப்படி ரோகிணி வரும்? சரியா பாரு."

அருள் திரும்பப் போய்ப் பார்த்தான். நட்சத்திரத்துக்கு மேலே சின்ன எழுத்தில் தமிழ் மாதம் போட்டிருந்தது. கார்த்திகை. கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது, வெளியே சித்திரை மாதம் இருபத்தொன்பதாம் தேதி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் கார்த்திகை என்றது.

அவனுக்கு உடனே புரிந்தது. ஒரு மெக்கானிக் பார்த்ததும் கண்டுபிடிக்கிற சின்னப் பிசகுதான் அது. லினக்ஸ் ஏற்றும்போது எந்த நாடு என்று கேட்டிருக்கும், எல்லாவற்றுக்கும் அவன் சரி சரி என்று தட்டிக்கொண்டே போயிருப்பான். அது அமெரிக்கா என்று எடுத்துக்கொண்டுவிட்டது. வைனும் அதையே பின்பற்றியது. அமெரிக்காக்காரன் மாதத்தை முன்னால் எழுதுகிறவன். மே மாதம் பன்னிரண்டாம் தேதி செத்தவரை அது டிசம்பர் ஐந்தாம் தேதி சாகடித்திருந்தது. பன்னிரண்டைத் தாண்டிய தேதியாக இருந்தால் அப்போதே தகராறு செய்து காட்டிக் கொடுத்திருக்கும்; லினக்ஸ் ஏற்றின பிறகு அப்படி ஒரு தேதியை யாரும் இதில் போட்டுப் பார்க்கவில்லை.

அருள் செட்டிங்கை மாற்றினான். விரல் தன்னாலேயே அடுத்த தேதியைத் தட்டியது. 12/06/1983. வைகாசி மாதம், திருவாதிரை.

டிசம்பர் ஆறில் ஜீவிதா பிறக்கவே இல்லை. கார்த்திகையும் இல்லை, மூலமும் இல்லை. சம்பந்தி பொய் எழுதவும் இல்லை. அருள் கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான். அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டான். சமையலறைக்குள் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்று, சத்தம் வெளியே போகாமல் எல்லாவற்றையும் சொன்னான்.

கிருஷ்ணவேணி கடைசி வரை கேட்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்குத்தான்."

"ஐயருக்கு?"

"இன்னிக்கு நட்சத்திரம் தப்பா வந்துதுன்னு மட்டும்தான் தெரியும்."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் எட்டி அதை இறுக மூடினாள்.

"உங்கப்பா கடைசியா கேட்டது அவ கையால ஒரு வாய் பாலு. நான் கைய வச்சி மறிச்சேன். இப்ப வந்து அவ மேல ஒரு தப்பும் இல்லன்றே. அப்ப என்னை இன்னான்னு சொல்லுவாங்க?"

"அம்மா..."

"நீயும் தலமாட்லதானடா உக்காந்துக்கினு இருந்தே? ஏந்து வந்தியா?"

அருள் வாசல் பக்கம் நகர்ந்தான்.

"போ. போயி தலைக்கு ஊத்திக்க. நேரம் ஆவுது."

அவன் குளிக்கப் போகுமுன் கம்ப்யூட்டரை அணைத்தான். மாற்றினதை வைத்துக்கொள்ளட்டுமா என்று அது கேட்டது. வேண்டாம் என்பதைத் தட்டினான். ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்டால் அவனாலேயே சொல்லியிருக்க முடியாது. பயம்தான். அம்மாவைப் பார்த்தல்ல, காலையில் எழுந்திருக்காத தன் காலைப் பார்த்து.

ரெண்டு மணிக்கு எடுத்தார்கள். கொள்ளி வைத்துவிட்டு, மீசை எடுத்த முகமும் ஈர வேட்டியுமாக அருள் வீடு திரும்பியபோது மணி நாலே முக்கால். வீடு கழுவி விட்டிருந்தது. பந்தல்காரர் நாற்காலிகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். தர்மனும் ஜீவிதாவும் அதே இடத்தில் இருந்தார்கள். ஜீவிதாவின் காலடியில் அவள் துணிப்பை. அதை யார் கட்டி அங்கே கொண்டுவந்து வைத்தார்கள் என்று அவன் கேட்கவில்லை. அவள் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீராவது குடித்தாளா என்றும் கேட்கவில்லை.

தர்மன் எழுந்து கிட்டே வந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு பழைய சீட்டை எடுத்துப் பிரித்தார்.

"மாப்ளே, இந்த நேரத்துல பேசக் கூடாதுதான். மத்தியானம் வீட்டுக்குப் போயி இத தேடி எடுத்துக்கினு வந்தேன். பொறந்த ஆஸ்பத்திரி சீட்டு. நர்சம்மா கையால எழுதினது."

அருள் வாங்கிப் பார்த்தான். பெண் குழந்தை. ஜூன் 12 என்று, யாரும் எப்படியும் மாற்றிப் படிக்க முடியாதபடி, மாதத்தை எழுத்தில் எழுதியிருந்தது.

"நான் படிக்காதவன். எனக்கு மூலமும் தெரியாது, திருவாதிரையும் தெரியாது. ஜோசியரு எழுதுனத அப்படியே குடுத்தேன். நீங்க கம்ப்யூட்டரு தெரிஞ்சவரு. இத வச்சிக்கினு நீங்களே ஒரு தடவ போட்டுப் பாருங்க மாப்ளே. நீங்க இன்னா சொன்னாலும் நான் ஒத்துக்கறேன். பொண்ணு எங்கூட வாழாவெட்டியா வந்து நிக்கிறத..."

ஜீவிதா தலையைத் தூக்கி அருளைப் பார்த்தாள். அழுகையெல்லாம் காலையிலேயே தீர்ந்த முகம். மூன்றரை மாதம் தன் பக்கத்தில் படுத்தவன் ஒரு வார்த்தை சொல்வான் என்று அவள் இன்னமும் நம்பிக்கொண்டிருந்தாள். அருளுக்கு அது தெரிந்தது. நடையில் அம்மா, விளக்குக்குப் பக்கத்தில், இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போன கை அப்படியே நின்றிருந்தது.

"போட்டுப் பாத்துட்டேன் மாமா," என்றான் அருள்.

"பாத்துட்டீங்களா?"

"இன்னிக்குக் கூட ஒரு தடவ பாத்தேன்."

"இன்னா வந்துது?"

அருள் சீட்டை மடித்தான். பழைய மடிப்பிலேயே சரியாக மடித்து அவர் கையில் கொடுத்தான்.

"மூலந்தான்."

நடையில் எண்ணெய் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

தர்மன் தலையை ஆட்டினார். ரெண்டு மூன்று தடவை ஆட்டினார், கணக்கு வாத்தியார் சொன்னதை ஒப்புக்கொள்கிற பையன் மாதிரி. கையைக் கூப்பினார். போய்விட்டு வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்து, சாவு வீட்டில் அப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார். மகளின் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஜீவிதா எழுந்தாள். அவள் எழுந்திருப்பதற்காகவே காத்துக்கொண்டு நின்ற பந்தல்காரர் அந்த நாற்காலியை எடுத்து, ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்து, அடுக்கின் மேல் கவிழ்த்தார்.