எழுபத்தைந்து டிகிரிக்கு மேல்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்த அந்த இரும்பு வார்ப்பு ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்று வாசலில் வாழைமரம் கட்டினார்கள். உலைக்கூடத்து ஆட்களுக்கு ஆளுக்கொரு லட்டு கிடைத்தது. கம்ப்யூட்டரால் அவர்களுக்குக் கிடைத்த நன்மை அத்தோடு முடிந்தது.

அதைக் கட்டி ஆண்டவர் மானேஜர் சுப்பராயன். லண்டனில் ஆறு வாரம் பயிற்சி எடுத்தவர்; அந்த ஆறு வாரத்தை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்கப் பேசத் தெரிந்தவர். கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும், இருமக் கூடாது, உரக்கச் சிரிக்கக் கூடாது. கதவில் அவர் கையெழுத்தோடு ஒரு போர்டு தொங்கியது: ‘அறையின் வெப்பம் பாரன்ஹீட் எழுபத்தைந்து டிகிரிக்கு மேல் போனால் உடனே வேலையை நிறுத்தவும். சூடு தணிந்த பிறகே மீண்டும் தொடங்கவும்.’ பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர்.

கம்ப்யூட்டரின் முதல் கண்டுபிடிப்பு, உலைக்கூடத்தில் வேலை செய்கிறவர்கள் சோம்பேறிகள் என்பது. ஒரு வார்ப்பு ஊற்றி முடித்ததும் அவர்கள் மேன் கூலர் முன்னால் வந்து நிற்பார்கள். மேன் கூலர் என்பது ஆள் உயர மின்விசிறி; உலைக்கூடத்தில் காற்று என்று ஒன்று உண்டென்றால் அது அதிலிருந்து வருவதுதான். அங்கே நிற்கும் நேரத்தையெல்லாம் கூட்டி, அது வீண் நேரம் என்று கம்ப்யூட்டர் அச்சடித்துக் கொடுத்தது. ஓய்வு பாதியாகக் குறைந்தது.

அந்த வருஷம் சித்திரை முடிவில், அம்பத்தூரில் ஒரு கம்பெனி இதைவிட வேகமான கம்ப்யூட்டர் வாங்கியிருப்பதாகச் செய்தி வந்தது. சுப்பராயனுக்குச் சோறு இறங்கவில்லை. சேர்மன் அடுத்த வாரம் ஆலையைப் பார்க்க வருகிறார். கம்ப்யூட்டருக்குள் ஒரு துடிப்பு உண்டு. ஒவ்வொரு துடிப்புக்கும் அது ஒரு அடி எடுத்து வைக்கும். அந்தத் துடிப்பின் வேகத்தை ஒரு சின்னத் திருகாணி நிர்ணயித்தது. அதைத் தொடாதே என்று விற்றவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். சுப்பராயன் அரைச் சுற்று திருகினார்.

வேகம் வந்தது. கூடவே சூடும் வந்தது. சூடு ஏற ஏறக் கம்ப்யூட்டர் உளறியது. தாமஸ் என்பவர் ஒரே நாளில் முந்நூறு மணி நேரம் உழைத்திருப்பதாகச் சொன்னது. திருகாணியைத் திருப்பி வைத்திருக்கலாம். லண்டன் போனவர் பின்வாங்குவாரா? கம்ப்யூட்டரின் பக்கத் தகடுகளைக் கழற்றச் சொன்னார். மேஜை விசிறிகளை வரிசையாக வைத்தார். போதவில்லை. காசிமேட்டிலிருந்து மீனுக்குப் போடும் ஐஸ் பாளங்களை வரவழைத்துத் தொட்டிகளில் நிரப்பினார். செருப்புக்கு அனுமதி இல்லாத அறையில் வஞ்சிர வாடை தாராளமாக உலவியது. அதுவும் போதாமல், உலைக்கூடத்து மேன் கூலரைப் பெயர்த்து எடுத்து வரச் சொன்னார்.

மறுநாள் ஜெயவேல் உலை வாசலிலேயே சுருண்டு விழுந்தான். வியாசர்பாடிக்காரன், கட்டுமஸ்தான ஆள். விழுந்தபோது உடம்பில் வியர்வையே இல்லை. அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் அவனோடு ஜோடியாக வேலை செய்யும் அருள்பிரகாசம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிணத்தைத்தான் கொண்டு வந்திருப்பாய் என்றார் டாக்டர்.

அருள்பிரகாசம் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கம்ப்யூட்டர் அறைக்கு வந்தான். செருப்பைக் கழற்றவில்லை.

“சார், மேன் கூலர் வோணும்.”

“சேர்மன் வந்துட்டுப் போகட்டும்ப்பா. அப்புறம் பார்க்கலாம்.”

“அதுக்குள்ள இன்னொருத்தன் வுழுவான் சார். கத்திரி வெயில் வேற. அல்லாருக்கும் நாக்கு தள்ளிகினு கீது.”

சுப்பராயன் பொறுமையாக விளக்கினார். “இது நுட்பமான மெஷின். சூடு தாங்காது. நீங்க பழகினவங்க.”

“பழகினவனா? ஜெயவேலு இன்னா சார், உலைக்குள்ளயா பொறந்தான்?”

“உணர்ச்சிவசப்படாதே. இது சூடானா தப்புத் தப்பா விடை கொடுக்கும். கம்பெனிக்கே நஷ்டம்.”

“நாங்க சூடானா விடை கொடுக்க மாட்டோம் சார். செத்துப்பூடுவோம்.”

“கதவைச் சாத்திட்டுப் போ. குளிர்ச்சி வெளியே போகுது” என்றார் சுப்பராயன்.

மூலையில் கம்ப்யூட்டருக்குக் கணக்கு ஊட்டும் அட்டைகளில் துளை போட்டுக்கொண்டிருந்த ஐரீன் அருள்பிரகாசத்தின் மச்சினி. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவனைத் தேடி வந்தாள்.

“மாமா, அந்த ஆளுகிட்ட கெஞ்சாத. ஒரு திருகாணி கீது. அத்த அரைச் சுத்து பின்னால திருப்பினா ஐஸும் வாணாம், காத்தாடியும் வாணாம். மெஷின் பழையபடி ஓடும்.”

“அப்ப இன்னாத்துக்கு இந்தக் கூத்து?”

“அம்பத்தூர்காரன வுட வேகம்னு சேர்மன்கிட்ட காட்டணுமாம்.”

அருள்பிரகாசம் சோற்றுத் தூக்கை மூடினான். மீதியைச் சாப்பிடவில்லை. ஜெயவேலின் உயிருக்கு இந்த ஆலையில் என்ன மரியாதை என்று இப்போது தெரிந்துவிட்டது. அரைச் சுற்றுகூடப் பெறாது.

சேர்மன் வந்தார். வெள்ளி நிறக் கார், ரோஜா மாலை, மோர். அவருக்கு உருகிய இரும்பின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வதில் பிரியம் அதிகம். முதலில் உலைக்கூடம், பிறகு கம்ப்யூட்டர் என்று ஏற்பாடு.

உலைக்கூடத்தில் காலையில் உருக்கியதையெல்லாம் ஊற்றி முடித்திருந்தார்கள். புதிதாக ஒரு கூடை இரும்பும் போடவில்லை. ஆட்கள் எல்லாரும் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். தூணில் கம்ப்யூட்டர் அறைப் போர்டு தொங்கியது. கீழே அதன் தெர்மாமீட்டர். பாதரசம் மேலே ஏறி, இனிமேல் போக இடமில்லாமல் முட்டிக்கொண்டு நின்றது.

“என்னய்யா இது?” என்றார் சேர்மன்.

அருள்பிரகாசம் எழுந்து நின்றான். “சூடு தணியட்டும்னு ஒக்காந்துகீறோம் சார். மானேஜர் சார் கையெழுத்து போட்ட உத்தரவு.”

சுப்பராயன் முகம் சிவந்தது. “அது மெஷினுக்குப் போட்ட போர்டு. கழட்டு அதை.”

“மெஷினுக்குத்தான் போட்டீங்க. எங்களுக்குப் போட ஆள் இல்ல. அதான் நாங்களே எட்த்தாந்து மாட்டிகினோம்.”

“இது ஒழுங்கீனம்.”

“ஒர்த்தன் ஆஸ்பத்திரில கெடக்கறான் சார். அவன் காத்த எட்த்து உங்க மெஷினுக்கு வுட்டீங்க. அத்த இன்னான்னு சொல்றது?”

சேர்மன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். போட்டோக்காரர் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார். உள்ளே வந்து சில நிமிடம்கூட ஆகவில்லை. சேர்மனின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ரோஜா மாலை வாடத் தொடங்கியிருந்தது.

“என்ன கேட்கிறாங்களோ கொடுங்க” என்றார் அவர். நியாயம் என்று பட்டதால் அல்ல; அவருக்கு வெளியே போக வேண்டும்.

மேன் கூலரை நான்கு பேர் கம்ப்யூட்டர் அறையிலிருந்து தூக்கி வந்தார்கள். அது போனதும் கம்ப்யூட்டர் மறுபடி உளறத் தயாரானது. சேர்மன் கதவருகே வந்துவிட்டார். சுப்பராயன் யாரும் பார்க்காதபோது திருகாணியை அரைச் சுற்று பின்னால் திருப்பினார். ஐரீன் பார்த்தாள். கம்ப்யூட்டர் அடங்கி, பழைய வேகத்தில் சமர்த்தாக ஓடியது.

“ஐஸும் விசிறியும் இல்லாமலே வெப்பத்தைக் கட்டுப்படுத்த ஒரு முறை கண்டுபிடிச்சிருக்கேன் சார்” என்றார் சுப்பராயன். சேர்மன் அவர் கையைக் குலுக்கினார். அந்த வருஷமே அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

போர்டைத் திருப்பிக் கேட்டு இரண்டு முறை ஆள் அனுப்பினார். “வந்து எட்த்துகினு போச்சொல்லு” என்றான் அருள்பிரகாசம். சுப்பராயன் உலைக்கூடத்துக்கு வருகிறவர் இல்லை.

ஜெயவேல் இளைத்துப்போய் வேலைக்குத் திரும்பினான். முதல் வார்ப்பு முடிந்ததும் மேன் கூலர் முன்னால் போய் நின்றான். மூக்கைச் சுளித்தான்.

“இன்னா மாமு, மீன் கவுச்சி அடிக்குது?”

“ஆபீசர் வூட்டு காத்து. நல்லா நின்னு வாங்கு” என்றான் அருள்பிரகாசம்.

ஓய்வு நேரம் முடிந்ததற்கான மணி அடித்தது. பாதியாகக் குறைத்த நேரம்தான் அது. ஜெயவேல் நகரப் பார்த்தான். அருள்பிரகாசம் அவன் தோளைப் பிடித்து நிறுத்தி, தூணில் போர்டுக்குக் கீழே தொங்கிய தெர்மாமீட்டரைக் காட்டினான்.

பாதரசம் இறங்கவில்லை. அவர்கள் நின்றார்கள்.