கொலைகாரியாக மறுத்த நாத்தனார்

1

எனக்கு முதலில் கிடைத்தது விஷம்தான். ஆட்கள் பிறகு வந்தார்கள்.

வச்சநாபி என்றொரு செடி. நீலப் பூ, கிழங்கு மாதிரி வேர். அந்த வேரில் இருக்கும் அகோனிட்டின் என்ற நஞ்சைப் பற்றி எங்கோ படித்துவிட்டு, கச்சிதமாக ஒரு கொலைக்கதை எழுத ஆசைப்பட்டேன். விவரம் கேட்க இதய மருத்துவர் ஒருவரிடம் போனேன்.

"கொலையெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. பொழச்ச ஒருத்தரைத் தெரியும். கேட்டுப் பாக்கறேன், அவங்க சரின்னா போய்ப் பேசுங்க" என்றார்.

போய்ப் பேசினேன். கொலைக்கதை அன்றோடு கெட்டது.

2

முதல் தொடக்கம்: "அந்த வீட்டில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் கொல்லும் அளவுக்கு...

(அடித்துவிட்டேன். பொய். பேசாமல் இருக்கும் அளவுக்குத்தான்.)

அண்ணி தையல்காரி. முன்னறைதான் கடை. நாத்தனார் நகரப் பேருந்து ஓட்டுகிறவள், மாடியறை அவளுடையது. அண்ணி ஆசையாய்த் தைத்துக் கொடுத்த சீருடைக் கோட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, வாடிக்கையாளர்கள் எதிரிலேயே, "எங்க பஸ் சீட்டு உறை மாதிரியே இருக்கு" என்று நாத்தனார் விளையாட்டாகச் சொன்னாள். அன்று நின்ற பேச்சு. பல வருஷமாக அண்ணன்தான் நடுவில் தபால்காரர். ஒரே மேஜையில் உட்கார்ந்து, "உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க" என்பார்கள் அவரிடம்.

இப்படி ஒரு நாத்தனார் கிடைத்தால் எந்த எழுத்தாளன் விடுவான்? கொலைகாரி தயார் என்று குறித்துக்கொண்டேன்.

3

நடந்தது வேறு.

மிஷினை மிதித்து மிதித்து அண்ணிக்கு முழங்கால் வலி. தெரிந்தவர் ஒருவர், எண்ணெயில் காய்ச்சி மேலே தடவச் சொல்லி, காய்ந்த வேர் கொஞ்சம் கொடுத்திருந்தார். தடவி என்றைக்குக் கேட்பது, குடித்தால் உடனே கேட்குமே என்று அண்ணிக்குத் தோன்றிவிட்டது. அண்ணன் வேலைக்குப் போன பிறகு, தானே கொதிக்கவைத்துக் குடித்துவிட்டுத் தைக்க உட்கார்ந்தாள்.

உதடு குறுகுறுத்தது. நாக்கு மரத்தது. விரலிடுக்கில் ஊசி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சுவரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்:

"வீட்ல யாராவது இருக்காங்களா? வாயெல்லாம் எறும்பு ஊருது."

இருந்தது ஒரே ஒருத்தி. அந்த நிலையிலும் உறவு சொல்லிக் கூப்பிடவில்லை. விடுமுறையில் இருந்த நாத்தனார் படியிறங்கி வருவதற்குள் அண்ணி மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள்.

[குறிப்பு: நரம்பிலும் இதயத் தசையிலும் சோடியம் நுழைவதற்குக் கண்ணுக்குத் தெரியாத கதவுகள் உண்டு. திறந்து, மூடி, மறுபடி திறந்தால்தான் துடிப்பு. அகோனிட்டின் அந்தக் கதவுகளை மூடவிடாது. நரம்பு முதலில் குறுகுறுக்கும், அப்புறம் மரத்துப்போகும். இதயம் தாளம் தப்பி வெறுமனே நடுங்கும். இதைக் கதைக்குள் அழகாக நுழைக்க முயன்றேன். நாத்தனாருக்கு அப்போது இதெல்லாம் தெரியாது என்பதால் வெளியே வைத்துவிட்டேன்.]

அவளுக்குத் தெரிந்தது, போக்குவரத்துப் பணிமனையில் ரப்பர் பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்த முதலுதவி. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, ஃபோனைத் தரையில் போட்டுவிட்டு, மூச்சு நின்றிருந்த அண்ணியைக் கீழே கிடத்தி மார்பை அழுத்த ஆரம்பித்தாள். ஸ்டியரிங் பிடித்த கை. உள்ளே ஏதோ முறிந்தது.

"ஐயோ, எலும்பு ஒடஞ்சிருச்சு" என்றாள் ஃபோனிடம்.

"எலும்பு சேந்துக்கும். நிறுத்தாதீங்க" என்றது குரல்.

நிறுத்தவில்லை. எண்ணினாள், அழுதாள், திட்டினாள். "எந்திரிங்க அண்ணி. கோட்டு நல்லாத்தான் இருந்துச்சு. சும்மா சொன்னேன்."

4

ஆம்புலன்ஸ் வந்து தூக்கிப்போனதும், அடுப்பிலிருந்த பாத்திரத்தை வண்டலோடு பையில் போட்டுக்கொண்டு நாத்தனார் பின்னாலேயே மருத்துவமனைக்கு ஓடினாள். மருத்துவர் அதிலிருந்த வேரைப் பார்த்தார்.

"இதை யார் கொதிக்கவச்சுக் குடுத்தது?"

அப்போதுதான் வந்து சேர்ந்த அண்ணன் தங்கையைப் பார்த்தார். அந்தப் பார்வை போதும், கதையை இங்கேயே முடித்துவிடலாம். முடித்தும் பார்த்தேன்: "அவள் தலைகுனிந்து நின்றா...

நிற்கவில்லை. நிமிர்ந்தே நின்றாள்.

"என்னை அப்பறம் சந்தேகப்படுண்ணே. டாக்டர், மொதல்ல மாத்து மருந்து குடுங்க."

"மாத்து மருந்து கிடையாதும்மா. ஆனா இதயம் கெட்டுப்போகல, குழம்பித்தான் கெடக்கு. விஷம் எறங்கற வரைக்கும் ரத்தம் ஓடிக்கிட்டே இருந்தா போதும். வீட்ல நீங்க ஓடவச்சீங்க. இனிமே எங்க மிஷின் ஓட்டும்."

ரத்தத்தை வெளியே இழுத்து உள்ளே அனுப்பும் இயந்திரம் அண்ணிக்காக ஓடியது. திரையில் கோடு கிறுக்கியது, குதித்தது, மறுபடி கிறுக்கியது. நாத்தனார் கண்ணாடிக்கு வெளியே நகராமல் நின்றாள். மறுநாள் கோடு ஒழுங்காக ஏறி இறங்க ஆரம்பித்தது. நர்ஸ் வெளியே வந்து சிரித்த பிறகுதான் ஓட்டுநர் அம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

5

தொண்டைக் குழாயை எடுத்த பிறகு அண்ணி கரகரத்த குரலில் பேசிய முதல் வார்த்தை:

"யாரு என் விலா எலும்ப ஒடச்சது?"

"நான்தான்" என்றாள் நாத்தனார்.

"தெரியும். வேற யாருக்கு என்மேல அவ்வளவு கோவம்?" அண்ணி மூச்சு வாங்கினாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "அவளை ஏங்க அப்படிப் பாக்கறீங்க? நானேதான் காய்ச்சிக் குடிச்சேன், மடச்சி மாதிரி."

அண்ணன் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். தபால்காரர் வேலை அன்றோடு போனது.

6

முடிவுகள் சில வைத்திருந்தேன். கட்டிப்பிடித்து அழுவது ஒன்று. அண்ணி வீடு திரும்பும் பேருந்தை நாத்தனாரே ஓட்டுவது இன்னொன்று (வெட்கமாக இருக்கிறது). எதை வைக்கலாம் என்று அவர்கள் வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

"முடிவா?" என்றாள் அண்ணி. "நான் செத்திருந்தா நீங்க முடிவு எழுதலாம். உயிரோட உக்காந்திருக்கறவளுக்கு எதுக்கு முடிவு?"

"அண்ணி, பேசினது போதும். டாக்டர் நடக்கச் சொன்னார்ல, கெளம்புங்க."

"நேத்து நடந்தேனே."

"நேத்து நடந்தா இன்னைக்கு நடக்கக் கூடாதா?"

செருப்பை மாட்டிக்கொண்டார்கள். யார் கதவைப் பூட்டுவது என்று சண்டை, எந்தப் பக்கம் போவது என்று சண்டை. எல்லாம் நேருக்கு நேர். தெருமுனையில் இருவரும் திரும்பி மறைந்த பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. நீங்கள் அந்தப் பக்கம் போனால், சத்தம் முதலில் கேட்கும். கொஞ்சம் ஒதுங்கி வழி விடுங்கள்.